சென்னையில் பொது நிகழ்ச்சிக்கு அனுமதி வாங்குவது எப்படி: திடலிலிருந்து மைக் வரை

குடியிருப்போர் சங்கத்தின் பொங்கல் விழா, தெருமுனைக் கூட்டம், ஞாயிறு காலை ஓட்டம், கோரிக்கை ஆர்ப்பாட்டம் என எதுவானாலும் "போலீஸ் பர்மிஷன்" ஒன்று வாங்கினால் போதும் என்று நினைத்துத்தான் புதியவர்கள் இறங்குகிறார்கள். நேரே காவல் நிலையத்துக்குப் போகிறார்கள். அங்கே முதல் கேள்வியே "இடம் யாருது? அவங்க லெட்டர் எங்கே?" என்பதுதான். அதோடு அன்றைய அலைச்சல் முடிந்துவிடும்.

அனுமதி என்பது ஒரே தாள் இல்லை. இடத்துக்காரரின் கடிதம் முதலில் வரும். அதைக் காட்டித்தான் காவல் துறையிடம் கேட்க முடியும். ஒலிபெருக்கி, பந்தல், மின்சாரம், பேனர், சாப்பாடு ஆகியவை அதற்குப் பின்னால் தனித்தனியாக வரும். வரிசை மாறினால் ஒவ்வொரு மேசையிலும் "முதல்ல அதை வாங்கிட்டு வாங்க" என்பார்கள். இந்தக் கட்டுரை அந்த வரிசையிலேயே போகிறது.

சட்டம் என்ன சொல்கிறது

ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவது அரசியலமைப்பின் 19(1)(ஆ) பிரிவு தரும் உரிமை. பொது இடத்தில் கூட்டம் நடத்துவதை அரசு ஒழுங்குபடுத்தலாம், ஆனால் அதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு விட்டுவிட முடியாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 1972-லேயே ஹிமத்லால் ஷா வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆகவே நீங்கள் கேட்பது சலுகை இல்லை. அதற்காக ஆய்வாளர் மேசையில் போய் சட்டம் பேசவும் வேண்டாம். கடிதம் ஒழுங்காக இருந்தாலே போதும்.

சென்னையில் இதற்கான கருவி 1888-ஆம் ஆண்டின் சென்னை மாநகரக் காவல் சட்டம், பிரிவு 41. இதன்கீழ் காவல் ஆணையர் பதினைந்து நாளைக்கு ஒருமுறை என ஆணை பிறப்பித்து, அது முடிந்ததும் மறுபடி நீட்டிப்பது வழக்கம். முன் அனுமதியின்றிக் கூட்டம், ஊர்வலம், உண்ணாவிரதம், மனிதச் சங்கிலி எதுவும் கூடாது என்பதும், குறைந்தது 5 நாள் முன்னதாக எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் அந்த ஆணையில் இருக்கும். மாவட்டங்களில் இதே வேலையைக் காவல் சட்டத்தின் 30(2) பிரிவு செய்கிறது. மீறினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 223-ஆவது பிரிவில் வழக்கு வரும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 188-ஆவது பிரிவு என்றால் எல்லோருக்கும் புரியும்.

5 நாள் என்பது சட்டத்தின் கணக்கு. உங்கள் கணக்கு 30 நாள். ஊர்வலமோ, சாலையை மறிக்கும் ஓட்டமோ, ஆயிரக்கணக்கானோர் வரும் நிகழ்ச்சியோ என்றால் 45 நாள். ஐந்தாவது நாள் போய் நின்றால், மறுத்துவிட்டால் மேல்முறையீட்டுக்கோ நீதிமன்றத்துக்கோ போக நேரமே இருக்காது.

எந்த ஆணையரகம், எந்த நிலையம்

2022 ஜனவரி முதல் பழைய சென்னைக் காவல் எல்லை சென்னை, தாம்பரம், ஆவடி என மூன்று ஆணையரகங்களாகப் பிரிந்திருக்கிறது. முகவரியில் "சென்னை" என்றும் 600-இல் தொடங்கும் அஞ்சல் குறியீடும் இருப்பதாலேயே அது சென்னை ஆணையரகம் ஆகிவிடாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூர் தாம்பரத்தில் சேரும். அம்பத்தூர் ஆவடியில் சேரும்.

நிலைய எல்லையிலும் கவனம் தேவை. பல இடங்களில் சாலையின் நடுக்கோடுதான் எல்லை. திடல் ஒரு நிலையத்தில், வண்டி நிறுத்தும் எதிர்ப்புறம் இன்னொரு நிலையத்தில் என்று வரும். அப்படியென்றால் இரண்டுக்கும் கடிதம் கொடுக்க வேண்டும். சட்டம் ஒழுங்கும் போக்குவரத்தும் இங்கே தனித்தனிப் பிரிவுகள். ஒருவருக்குக் கொடுத்தது மற்றவருக்குப் போய்ச் சேரும் என்று நம்பி உட்காராதீர்கள். சிறிய நிகழ்ச்சிக்கு ஆய்வாளரும் உதவி ஆணையரும் போதும். பெரியது துணை ஆணையருக்குப் போகும், அதற்கும் மேல் வேப்பேரி ஆணையர் அலுவலகம்.

இடம்: முதல் கடிதம்

மாநகராட்சி விளையாட்டுத் திடல் என்றால் மண்டல அலுவலருக்கு எழுதுங்கள். மாநகராட்சி பல மண்டலங்களாகப் பிரிந்திருக்கிறது. உங்கள் வார்டு எந்த மண்டலம் என்று பார்த்துக்கொண்டு போங்கள். தீவுத்திடல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பு. நேரு விளையாட்டரங்கம், ராஜரத்தினம் அரங்கம் போன்றவற்றுக்கு அவற்றை நிர்வகிக்கும் துறையிடம் போக வேண்டும். கோயில் நிலம் என்றால் அறநிலையத் துறையின் செயல் அலுவலர். பள்ளித் திடல் என்றால் தலைமையாசிரியர் வாய்வார்த்தையாகச் சொன்ன சம்மதம் செல்லாது, கல்வித் துறையின் கடிதம் வேண்டும். தனியார் நிலம் என்றால் உரிமையாளரின் ஒப்புதல் கடிதத்தோடு அவருடைய சொத்துவரி ரசீது நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குத்தகைக்காரர் கொடுத்த கடிதத்தை வைத்துக்கொண்டு போய் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

சாலை என்றால் அது மாநகராட்சிச் சாலையா, நெடுஞ்சாலைத் துறையின் சாலையா என்று பாருங்கள். உட்புறத் தெருக்கள் பெரும்பாலும் மாநகராட்சி. மெட்ரோ பணி நடக்கும் சாலையாக இருந்தால் இன்றைக்கு இருக்கும் வழி அடுத்த மாதம் இருக்காது. கடிதம் கொடுக்கும் முன் ஒருமுறை, நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன் இன்னொரு முறை நடந்தே பார்த்துவிடுங்கள்.

ஆர்ப்பாட்டம், உண்ணாவிரதம் என்றால் இடத்தைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை. வள்ளுவர் கோட்டம், சேப்பாக்கம், எழும்பூர் ராஜரத்தினம் அரங்கம், சிவானந்தா சாலை என்று காவல் துறை ஒதுக்கும் இடங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக் கேட்டால் வேலை சுலபம். மெரினாவில் போராட்டத்துக்கு அனுமதி கிடையாது. 2018-இல் ஒரு நாள் உண்ணாவிரதத்துக்குத் தனி நீதிபதி அளித்த அனுமதியைக்கூட உயர் நீதிமன்ற அமர்வு நிறுத்திவைத்து, பிறகு தடை சரி என்றே தீர்ப்பளித்தது.

இடத்தின் கடிதத்தில் நாள் மட்டும் இருந்தால் போதாது. பந்தல் போடும் நாள், பிரிக்கும் நாள் இரண்டும் இருக்க வேண்டும். சனிக்கிழமை விழாவுக்குச் சனிக்கிழமை மட்டும் அனுமதி வாங்கிவிட்டு வெள்ளி இரவு கம்பு இறக்கினால், அது அனுமதியில்லாத ஆக்கிரமிப்பு. முன்பணம் கட்டச் சொன்னால் ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீதில்லாத கட்டணம் எந்த அலுவலகத்திலும் கட்டணம் இல்லை.

வரைபடமும் தலைக்கணக்கும்

காவல் துறை உங்கள் கடிதத்தில் உண்மையில் தேடுவது இரண்டே விஷயம். எத்தனை பேர் வருவார்கள், அவர்கள் எப்படி வெளியே போவார்கள். 27.09.2025 அன்று கரூரில் நடந்த அரசியல் கூட்டத்துக்கு 10,000 பேர் வருவதாகச் சொல்லி அனுமதி கேட்கப்பட்டிருந்தது. சுமார் 27,000 பேர் திரண்டதாகக் காவல் துறை சொன்னது. நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். அதன் பிறகு உங்கள் கடிதத்தில் உள்ள எண்ணைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. குறைத்துச் சொன்னால் சீக்கிரம் கிடைக்கும் என்பது பழைய தந்திரம். இப்போது அதுவே உங்கள் பெயரில் வழக்காக நிற்கும்.

கணக்கை எப்படிப் போடுவது? 40 மீட்டருக்கு 30 மீட்டர் திடல் என்று வையுங்கள். 1,200 சதுர மீட்டர். மேடையும் அதன் பின்புறமும் 150 போகும். ஜெனரேட்டர், சவுண்ட் மேசைக்கு 50. உணவுக்கூடம் 100. தீயணைப்பு வண்டி நுழைய ஒரு பக்கம் முழுக்க நாலரை மீட்டர் அகலத்தில் வழி விட்டால் 180. மிச்சம் 720. நடைபாதையும் சேர்த்து ஒரு நாற்காலிக்கு 0.7 சதுர மீட்டர் என்றால் ஏறத்தாழ ஆயிரம் நாற்காலி. நின்று பார்க்கும் நிகழ்ச்சி என்றால் சதுர மீட்டருக்கு 2 பேர் என்பது வசதியான அளவு. 4 பேரைத் தாண்டினால் கூட்டம் தன் இஷ்டத்துக்கு நகர ஆரம்பித்துவிடும். அங்கே யாராலும் எதுவும் செய்ய முடியாது.

அடுத்து வெளியேறும் வழி. ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்குச் சுமார் 80 பேர் போகலாம் என்பது வழக்கமான கணக்கு. ஆயிரம் பேருக்கு 2 மீட்டர் வாசல் இரண்டு வைத்திருக்கிறீர்கள். அவற்றில் ஒன்று அடைபட்டுப்போனதாகவே வைத்துக் கணக்குப் போடுங்கள். மிச்சமுள்ள 2 மீட்டரில் நிமிடத்துக்கு 160 பேர், ஆறேகால் நிமிடம். பரவாயில்லை. பத்து நிமிடத்தைத் தொட்டால் இன்னொரு வாசல் திறக்க வேண்டும், அல்லது நாற்காலியைக் குறைக்க வேண்டும். வாசலுக்கு எதிரே சமோசா வண்டி நிற்காமல் பார்த்துக்கொள்வதும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். கூட்டம் கலையும் நேரத்தில் வாசலை அடைப்பது பெரும்பாலும் அந்த வண்டிகள்தான்.

வரைபடத்துக்கு ஆர்க்கிடெக்ட் தேவையில்லை. ஏ4 தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, வடக்கு எது என்று குறித்து, மேடை, வாசல்கள், ஜெனரேட்டர், தீயணைப்பு வழி, ஆம்புலன்ஸ் நிற்கும் இடம், வண்டி நிறுத்துமிடம், பக்கத்து மருத்துவமனை, பள்ளி, மின்மாற்றி, மேலே போகும் மின்கம்பி ஆகியவற்றை அளவோடு காட்டினால் போதும். ஐந்து பிரதி எடுங்கள். காவல், தீயணைப்பு, மின்வாரியம், மாநகராட்சி எல்லோரும் ஒரே வரைபடத்தைப் பார்க்க வேண்டும். ஒருவரிடம் மேடை கிழக்கே, இன்னொருவரிடம் மேற்கே என்று இருந்தால் நேரில் பார்க்க வரும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள்.

காவல் துறைக்குக் கடிதம்

கடிதம் ஒரு பக்கத்தில் முடிய வேண்டும். சங்கத்தின் வரலாறும் "சீரும் சிறப்புமாக"வும் வேண்டாம். கீழே உள்ளதுபோல் இருந்தால் மறுகேள்வி குறையும்:

*அனுப்புநர்: செயலாளர் பெயர், சங்கத்தின் பெயர், பதிவு எண், முகவரி, கைப்பேசி எண்கள் இரண்டு.*

*பெறுநர்: காவல் ஆய்வாளர் (சட்டம் ஒழுங்கு), நிலையத்தின் பெயர். நகல்: உதவி ஆணையர், போக்குவரத்து ஆய்வாளர்.*

*பொருள்: 17.01.2027 ஞாயிறு பொங்கல் விழா நடத்தவும் ஒலிபெருக்கி பயன்படுத்தவும் அனுமதி கோருதல்.*

*ஐயா, மேற்கண்ட நாளில் மாலை 4 மணி முதல் இரவு 9 மணி வரை எங்கள் வார்டிலுள்ள மாநகராட்சி விளையாட்டுத் திடலில் பொங்கல் விழா நடத்த உள்ளோம். சுமார் 600 பேர் வருவார்கள். அவர்களில் 150 பேர் குழந்தைகள். மேடை 20 அடிக்கு 16 அடி, உயரம் 3 அடி. பெட்டி வகை ஒலிபெருக்கி 4. எல்லாம் திடலின் உட்புறம் நோக்கியவை. 25 கேவிஏ ஜெனரேட்டர் 1. வெளியேறும் வழிகள் 2. ஒவ்வொன்றும் 2 மீட்டர் அகலம். தன்னார்வலர்கள் 20 பேர். பெயரும் கைப்பேசி எண்ணும் இணைப்பில். சுமார் 80 இருசக்கர வண்டிகள் திடலின் தென்புறம் நிறுத்தப்படும். ஊர்வலம், பட்டாசு, நுழைவுக் கட்டணம், சாலை மறிப்பு இல்லை. பந்தல் 16.01.2027 காலை 8 மணிக்குத் தொடங்கி 18.01.2027 பிற்பகலுக்குள் பிரிக்கப்படும். மாநகராட்சியின் அனுமதிக் கடிதம், வரைபடம், அடையாள அட்டை நகல் இணைக்கப்பட்டுள்ளன. அனுமதி வழங்க வேண்டுகிறோம்.*

"இல்லை" என்று வரும் அந்த வரியை விட்டுவிடாதீர்கள். படிப்பவர் மனதில் ஓடும் நாலு சந்தேகத்தை அது ஒரே அடியில் தீர்க்கிறது. வெளியிலிருந்து சிறப்பு விருந்தினர் வந்தால் யார், எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போவார் என்று எழுதுங்கள். அமைச்சரோ நடிகரோ வருவதைக் கடைசி நேரத்தில் சொன்னால் பந்தோபஸ்து கணக்கே மாறிவிடும். ஏற்கெனவே கொடுத்த அனுமதியும் மறுபரிசீலனைக்குப் போகும்.

கடிதத்தைக் கொடுத்ததும் உங்கள் பிரதியில் முத்திரை, தேதி, கையொப்பம் வாங்குங்கள். "வச்சிட்டுப் போங்க, கூப்பிடறோம்" என்றால் அன்றே விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) பதிவு வசதியோடு இன்னொரு பிரதி அனுப்பிவிடுங்கள். பின்னால் நீதிமன்றம் போக நேர்ந்தால் முதலில் கேட்கப்படுவது இந்த முத்திரைதான்.

தேதியிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். சுதந்திர தினம், குடியரசு தினத்தை ஒட்டிய நாட்கள், பிரதமர் வருகை, விநாயகர் சிலை கரைப்பு நடக்கும் ஞாயிறு, சேப்பாக்கத்தில் கிரிக்கெட் ஆட்டம் இருக்கும் மாலை ஆகிய நாட்களில் காவலர்கள் வேறிடத்தில் இருப்பார்கள். உங்கள் கடிதத்தில் குறையே இல்லாவிட்டாலும் "போதிய ஆளில்லை" என்று பதில் வரும். மார்ச், ஏப்ரலில் பொதுத் தேர்வு நடக்கும்போது மைக்குக்குக் கெடுபிடி. தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்தால் கட்சிகளுக்கும் வேட்பாளர்களுக்கும் தேர்தல் ஆணையத்தின் சுவிதா தளம் தனி வழி. மற்றவர்களும் தேர்தல் அதிகாரியின் சம்மதத்தைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

மைக்

கூட்டத்துக்கு அனுமதி கிடைத்தால் மைக்குக்கும் கிடைத்ததாக ஆகாது. கடிதம் ஒன்றாக இருந்தாலும் கோரிக்கையை இரண்டாகச் சொல்ல வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். அந்த நாட்களை அரசு அறிவிக்கும். "எங்க திருவிழாவும் அதுல சேருமில்ல" என்று நீங்களாகச் சேர்த்துக்கொள்ள முடியாது.

குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல், இரவு 45. வணிகப் பகுதியில் 65, 55. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம், அங்கே 50, 40. ஒலிபெருக்கி வைத்த இடத்தின் எல்லைக்கோட்டில் இந்த வரம்புக்கு மேல் 10 டெசிபல் அல்லது மொத்தம் 75, இரண்டில் எது குறைவோ அதுதான் உச்சம். அப்படியானால் குடியிருப்பு நடுவே உள்ள திடலின் சுவரோரம் 65. சாதாரணப் பேச்சே 60-ஐத் தொடும் என்பதால் இது எவ்வளவு குறைவு என்று புரியும். இரண்டு பெரிய அடுக்குகளை மேடையின் இருபுறமும் வைத்து முழக்குவதைவிட, சிறிய பெட்டிகளைக் கூட்டத்துக்குள்ளேயே பரப்பி, தரையை நோக்கிச் சாய்த்து வைப்பது நல்லது. பின்வரிசைக்கும் காதில் விழும், சுவருக்கு வெளியே குறையும். சவுண்ட் சர்வீஸ்காரர் "ஒண்ணும் ஆகாது சார்" என்பார். புகார் வந்தால் செட்டைத்தான் முதலில் எடுத்துப் போவார்கள் என்று அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கூம்புக் குழாய்க்கு அனுமதி கிடையாது, பெட்டி வகை மட்டுமே.

9 மணிக்கு முடிப்பதாக எழுதிக் கொடுத்து 9.40 வரை இழுக்க இடமிருக்கிறது. 10 மணிக்கு என்று எழுதிவிட்டால் அந்த இடமே இல்லை. நன்றியுரை இல்லாத விழா எங்கே இருக்கிறது?

சினிமாப் பாட்டு போட்டாலோ பாடினாலோ பதிப்புரிமை உரிமமும் வேண்டும். பாடல் வரிக்கும் இசைக்கும் ஐபிஆர்எஸ், பதிவு செய்த ஒலிக்குப் பிபிஎல் என்ற உரிம அமைப்புகளிடம் போக வேண்டும். கல்யாணத்துக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. டிக்கெட் வைத்த கச்சேரிக்கும் நிறுவனம் பணம் கொடுத்து நடத்தும் விழாவுக்கும் கிடையாது.

பந்தலும் தீயும் மின்சாரமும்

தற்காலிகப் பந்தலுக்கான இந்தியத் தரக்குறியீடு ஐஎஸ் 8758. தீயணைப்பு நிலைய அலுவலர் பார்க்க வரும்போது அவர் மனதில் இருப்பது இதுதான். கூரை உயரம் 3 மீட்டருக்குக் குறையக் கூடாது. பக்கத்துக் கட்டடத்துக்கும் சுற்றுச்சுவருக்கும் 3 மீட்டர் இடைவெளி வேண்டும். ரயில் பாதை, துணை மின்நிலையம், உலை போன்றவற்றிலிருந்து 15 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மின்சாரம் ஓடும் கம்பிக்குக் கீழே எவ்வளவு உயரத்திலும் பந்தல் கூடாது. செயற்கை இழைத் துணியும் நைலான் கயிறும் ஆகாது. கடைசி நிபந்தனையைத்தான் பந்தல்காரர்கள் சுலபமாக மறக்கிறார்கள். பளபளக்கும் அலங்காரத் துணி முழுக்கச் செயற்கை இழை. ஒரு மூலையில் பற்றினால் உருகிச் சொட்டும், கீழே நிற்பவர் மேல் ஒட்டும். காடாத் துணியோ தகர ஓடோ கேளுங்கள். வாடகை கொஞ்சம் கூடும்.

சமையல் பந்தலுக்குள் வேண்டாம். சிலிண்டரும் அடுப்பும் தனித் தகரக் கொட்டகையில், கூட்டம் போகும் வழிக்கு எதிர்ப்புறத்தில் இருக்கட்டும். மின் பலகைக்கு அருகே கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான், மற்ற இடங்களில் தண்ணீர் வாளியும் மணல் வாளியும். தண்ணீர் வாளியைக் கொண்டுபோய் மின் பலகைக்குக் கீழே வைத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். மேடை பெரிது, அதன்மேல் எல்இடி திரை, விளக்குத் தொங்கல் என்றால் பொறியாளரின் உறுதித்தன்மைச் சான்றும் கேட்பார்கள். சாலையிலோ திடலின் சிமெண்ட் தளத்திலோ கம்பு நட்டுக் குழி தோண்டாதீர்கள். டிரம்மில் மணல் நிரப்பிக் கம்பை நிறுத்தலாம். தோண்டினால் முன்பணம் திரும்பாது, அபராதமும் சேரும்.

மின்சாரத்துக்கு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் தற்காலிக இணைப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். தெருவிளக்குக் கம்பத்தில் கொக்கி போடுவது 2003 மின்சாரச் சட்டத்தின் 135-ஆவது பிரிவில் திருட்டு. பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுப்பதும் ஆகாது, அவருடைய இணைப்பு அந்தப் பாரத்துக்கானது இல்லை. ஜெனரேட்டரே போதும் என்றால் அதற்குத் தரையிணைப்பு செய்திருக்கிறார்களா என்று நீங்களே கண்ணால் பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் (ஆர்சிசிபி) இல்லாத பலகையைத் திருப்பி அனுப்புங்கள். மழையில் நனைந்த புல்மேல் ஒயர் இணைப்பு கிடப்பதுதான் இந்த ஊரில் பெரிய ஆபத்து. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இணைப்புகளெல்லாம் தரையிலிருந்து உயரத்தில் இருக்கட்டும்.

ஊர்வலம், ஓட்டம்

சாலையில் நகரும் எதற்கும் முடிவு போக்குவரத்துக் காவல் துறையின் கையில். பாதையைத் தெருப் பெயர்களாக எழுதுவதோடு, ஒவ்வொரு சந்திப்பையும் எத்தனை மணிக்குத் தலை கடக்கும், எத்தனை மணிக்கு வால் கடக்கும் என்று அட்டவணையாகக் கொடுங்கள். 5 கிலோமீட்டர் ஓட்டத்தில் முதல் ஆள் 17 நிமிடத்தில் வந்துவிடுவார். கடைசிக்காரர் ஒன்றேகால் மணி நேரம் எடுப்பார். சாலை மறிபடுவது அந்தக் கடைசிக்காரருக்காகத்தான். ஆகவே இத்தனை மணிக்கு மேல் நடைபாதைக்கு மாற்றிவிடுவோம் என்று ஒரு வெட்டு நேரம் எழுதுங்கள். அது இருந்தாலே பாதி எதிர்ப்பு அடங்கும். சாலையை முழுதாகக் கேட்காமல் ஒரு பக்கம் மட்டும் கேளுங்கள். இடதுபுறமாகவே திரும்பும் பாதையை வரையுங்கள், எதிர்வரும் வண்டியை வெட்டுவது குறையும். ஆம்புலன்ஸ் குறுக்கே கடக்கும் இடங்களைக் குறித்துக் காட்டுங்கள்.

தேர், சப்பரம், அலங்கார வண்டி என்றால் உச்சி உயரத்தை அளந்து எழுதுங்கள். தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் 27.04.2022 அன்று தேர் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். பாதையில் குறுக்கே போகும் கம்பிகளைக் குறித்து மின்வாரியத்துக்கு எழுதினால், வண்டி கடக்கும் நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்தித் தருவார்கள். மடக்கக்கூடிய உச்சி, மூங்கிலால் கம்பியைத் தூக்கும் ஆள் என்பதெல்லாம் இதற்கு மாற்று இல்லை.

பேனர், சாப்பாடு, குப்பை

2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து இளம்பெண் ஒருவர் உயிரிழந்த பிறகு, இதில் நீதிமன்றம் விட்டுக்கொடுப்பதே இல்லை. திடலுக்கு வெளியே வைக்கும் ஒவ்வொரு பேனருக்கும் தனி அனுமதி. அனுமதி எண்ணும் காலமும் அச்சகத்தின் பெயரும் பேனரின் அடியில் அச்சிட்டிருக்க வேண்டும். பெரும்பாலான சங்கங்களுக்கு எங்கள் யோசனை, வெளியே பேனரே வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பும் அழைப்பு போதும்.

அன்னதானமானாலும் ஸ்டாலானாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். ஸ்டால் போடுகிறவர்களிடம் அவரவர் பதிவுச் சான்று நகலை முன்கூட்டியே வாங்கிக் கோப்பில் வையுங்கள். 100 பேருக்கு மேல் கூடினால் குறைந்தது 3 வேலை நாள் முன்னதாக உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும், குப்பையைப் பிரித்தே கொடுக்க வேண்டும் என்பது திடக்கழிவு விதி. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலத்தில் தடை. தண்ணீர்ப் பாக்கெட்டும் அதில் அடக்கம். கேனும் எவர்சில்வர் டம்ளரும் ஏற்பாடு செய்யுங்கள். தண்ணீரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 06.10.2024 அன்று மெரினாவில் விமான சாகசம் பார்க்க வந்தவர்களில் 5 பேர் இறந்தார்கள். அன்று வெயிலும் நெரிசலும் சேர்ந்தே வாட்டின. பகல் நிகழ்ச்சி என்றால் தண்ணீர், நிழல், கழிப்பறை மூன்றையும் வரைபடத்தில் காட்டுங்கள்.

டிக்கெட் நிகழ்ச்சி என்றால் சரக்கு சேவை வரியோடு உள்ளாட்சியின் கேளிக்கை வரியும் உண்டா என்று மாநகராட்சி வருவாய்த் துறையில் எழுத்தில் கேளுங்கள். அச்சடிக்கும் டிக்கெட்டின் எண்ணிக்கை காவல் துறைக்குச் சொன்ன எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். இலவசப் பாஸும் டிக்கெட் கணக்கில்தான் வரும். பனையூரில் 10.09.2023 அன்று நடந்த இசைக் கச்சேரியில் கொள்ளளவுக்கு மேல் ஆள் சேர்ந்ததால் டிக்கெட் வாங்கியவர்களே உள்ளே போக முடியவில்லை, கிழக்குக் கடற்கரைச் சாலையும் ஸ்தம்பித்தது.

மறுத்தால்

வாய்ச்சொல்லாக "முடியாது" என்றால் அது மறுப்பே இல்லை. காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். காரணம் தெரிந்தால் பாதி நேரம் அதற்குள்ளேயே வழி இருக்கும். போக்குவரத்து நெரிசல் என்றால் நேரத்தை மாற்றலாம், ஆள் பலம் இல்லை என்றால் நாளை மாற்றலாம், இடம் போதாது என்றால் எண்ணிக்கையைக் குறைக்கலாம். மாற்றத்தோடு புதிய கடிதம் கொடுங்கள், பழையதன் நகலையும் இணைத்து. அப்போதும் மறுத்தால் உதவி ஆணையர், துணை ஆணையர் என்று மேலே போகலாம். பதிலே சொல்லாமல் கிடப்பில் போட்டாலும் மறுத்தாலும் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். நீதிமன்றம் பெரும்பாலும் மனுவைச் சட்டப்படி பரிசீலித்து இத்தனை நாளுக்குள் முடிவெடுக்கச் சொல்லும், அல்லது நிபந்தனையோடு அனுமதிக்கச் சொல்லும். இரண்டுக்கும் நாள் வேண்டும். நிகழ்ச்சிக்கு முந்தின நாள் மனுவோடு போனால் "ஏன் இவ்வளவு தாமதம்" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

கையில் அனுமதி வந்த பிறகு

அனுமதி ஆணையின் பின்பக்கம் நிபந்தனைகள் நீளமாக இருக்கும். யாரும் படிப்பதில்லை. படியுங்கள். சில நிபந்தனைகள் உங்கள் கடிதத்தில் கேட்டதையே மாற்றியிருக்கும்: 9 மணி என்று கேட்டது 8 ஆகியிருக்கும், நாலு பெட்டி இரண்டாகியிருக்கும். ஒத்துவராத நிபந்தனை இருந்தால் அன்றே எழுதிக் கேளுங்கள். மேடையில் மைக் பிடித்தபின் பேச முடியாது.

எல்லா அனுமதியின் நகலும் ஒரே கோப்பில், மேடைக்குப் பக்கத்தில், யாரிடம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்படி இருக்கட்டும். ரோந்து வண்டி வரும்போது செயலாளர் பாயசம் பரிமாறிக்கொண்டிருப்பார், கோப்பு அவர் வீட்டு பீரோவில் இருக்கும். அப்படி நடக்க விடாதீர்கள். காவலரிடம் பேச ஒரே ஒருவரை நியமியுங்கள். அவர் அன்று வேறு எந்த வேலையும் பார்க்கக் கூடாது.

மழையால் தள்ளிப்போட்டால் பழைய அனுமதி செல்லாது, அது அந்த நாளுக்கு மட்டும். இடத்துக்காரரிடம் தொடங்கி எல்லாக் கடிதமும் மறுபடி வாங்க வேண்டும். பழைய எண்ணைக் குறிப்பிட்டு எழுதினால் இரண்டாவது முறை வேகமாக நகரும். ரத்து செய்தாலும் எழுத்தில் தெரிவியுங்கள். ஒதுக்கிய காவலர்கள் வெறும் திடலில் வந்து நின்றால், அடுத்த ஆண்டு உங்கள் கடிதத்தை அதே ஆய்வாளர்தான் பார்ப்பார்.

முடிந்த மறுநாள் காலை, பந்தல் பிரித்த பிறகு, திடலை நாலு மூலையிலிருந்தும் தேதி தெரியும்படி படமெடுத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சிக்கு முன்பும் அதே கோணத்தில் எடுத்திருக்க வேண்டும். முன்பணம் திரும்பக் கேட்கும் கடிதத்தோடு இரண்டு தொகுதிப் படங்களையும் ரசீது நகலையும் இணைத்து மண்டல அலுவலகத்தில் கொடுத்து, அதற்கும் ஒரு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.